சாய்தளம் மட்டும் போதுமா? பொதுக் கட்டடங்களில் பெரியவர்களுக்கான உடைமாற்று அறையின் அவசியம்

திருப்பதி: சித்தூரிலிருந்து பிரிந்து 2022 ஏப்ரல் 4 முதல் தனி மாவட்டமாக இயங்கும் திருப்பதிக்கு, ஏழுமலையானைத் தரிசிக்கவும் ஸ்விம்ஸ், பர்டு மருத்துவமனைகளில் சிகிச்சை பெறவும் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் வருகின்றனர். இவர்களில் எழுந்து நிற்க இயலாதவருக்கு டயப்பரைப் படுத்த நிலையில்தான் மாற்ற முடியும். சாய்தளமும் கைப்பிடியும் கொண்ட வழக்கமான கழிப்பறை இதற்கு உதவாது. கழிப்பறைத் தரையில் கிடத்துவதோ பயணத்தையே கைவிடுவதோதான் குடும்பத்தினருக்கு எஞ்சும் வழி.

பிரிட்டனில் 2006-இல் தொடங்கிய 'சேஞ்சிங் பிளேசஸ்' இயக்கம், உயரத்தை மாற்றக்கூடிய படுக்கை மேசை, ஆளைத் தூக்கி நகர்த்தும் கருவி ஆகியவற்றுடன் கூடிய 12 சதுர மீட்டர் அறையை வலியுறுத்தியது. இங்கிலாந்தில் குறிப்பிட்ட வகைப் புதிய பெரிய பொதுக் கட்டடங்களில் 2021 ஜனவரி முதல் இது கட்டாயம்.

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. எனினும், அணுகல் தரநிலைகளைப் பரிந்துரை அளவிலேயே நிறுத்திய 2017-ஆம் ஆண்டு விதி 15(1) சட்டத்துக்கு முரணானது என 2024 நவம்பர் 8-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கட்டாய விதிகளை மூன்று மாதங்களில் வகுக்க உத்தரவிட்டது.

எல்லாக் கட்டடங்களிலும் இவ்வறை தேவையில்லை. பேருந்து நிலையம், ரயில் நிலையம், மருத்துவமனை, ஆட்சியர் அலுவலகம் ஆகியவற்றில் தலா ஒன்று அமைந்தாலே பலரது பயணம் சாத்தியமாகும். கட்டிய பின் இடம் தேடுவதைவிட, வரைபடத்திலேயே இடம் ஒதுக்குவது எளிது.