தீர்ப்புக்குப் பிறகும் வராத பணிக்கொடை

முப்பது வருடம் கொழுந்தெடுத்த பெண்ணொருவர் ஓய்வுபெற்றால், 30 நாட்களுக்குள் பணிக்கொடை கொடுக்க வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். ஆனால் அரசுக்கே சொந்தமான மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் இந்தப் பணத்தையும் சேமலாப நிதியையும் வருடக்கணக்கில் நிலுவையில் வைத்திருந்தது மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

பணம் வராவிட்டால் தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்புவார். அந்தத் தொகை தண்டப்பணம் போல அறவிடப்படும். சாதாரண சிவில் வழக்கில் வென்றவரே மீண்டும் மனுப்போட்டு, எதிராளியின் சொத்தைத் தேடிக் காட்டி, பிஸ்காலை அனுப்ப வேண்டும். அதோடு பார்த்தால் இது நல்ல வழிதான். ஆனால் வழக்கு ஆணையாளருக்கும் நிர்வாகத்துக்கும் இடையில் நடக்கிறது. தவணை கொடுக்கும்போதோ, பகுதி பகுதியாகக் கட்டச் சம்மதிக்கும்போதோ அந்த அம்மாவிடம் யாரும் கேட்பதில்லை. அட்டன் பக்கம் விசாரித்தால் "கேஸ் போட்டிருக்காங்களாம்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

தாமதத்தால் யாருக்கு நட்டம் என்று கணக்குப் பார்ப்போம். 2020இல் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. முப்பது வருடச் சேவைக்கு 2,94,000 ரூபா. தாமதத்துக்கான மிகைக்கட்டணம் படிப்படியாக ஏறி, ஒரு வருடத்தைத் தாண்டியதும் 30 சதவீதத்தில் நின்றுவிடும். அதாவது 88,200 ரூபா. அதற்குப் பிறகு இன்னும் ஐந்து வருடம் இழுத்தாலும் நிர்வாகத்துக்கு மேலதிகச் செலவில்லை. 2022 செப்டெம்பரில் மட்டும் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. இந்த உச்சவரம்பை நீக்கி, பணம் கைக்கு வரும் நாள்வரை வட்டி ஓட விடுவதுதான் முதல் திருத்தமாக இருக்க வேண்டும் என்பேன்.

அடுத்தது, எதைப் பறிமுதல் செய்வது என்ற கேள்வி. எழுபதுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டக் காணி அரசுடைமையானது. 1992க்குப் பின் வந்த கம்பனிகளிடம் இருப்பது குத்தகை உரிமை மட்டும். காணியை ஏலம் போட முடியாது. ஆனால் தேயிலை கொழும்பு ஏலத்தில் வாராவாரம் விலைபோகிறது, பணம் தரகர்கள் ஊடாகவே வருகிறது. தாங்கள் கொடுத்த முற்பணத்தைத் தரகர்கள் அதிலிருந்து கழித்துக்கொள்கிறார்கள். கடனாளிக்கு மூன்றாம் ஆள் கொடுக்க வேண்டிய பணத்தைத் தடுத்துவைக்கும் வழி 1889ஆம் ஆண்டின் சிவில் நடவடிக்கைமுறைக் கோவையிலேயே இருக்கிறது. நீதிமன்றக் கட்டளை நேரே தரகரிடம் போகட்டும். முழுப் பணத்தையும் முடக்கினால் அந்த மாதச் சம்பளம் நின்றுவிடும் என்று நிர்வாகங்கள் சொல்லும். அதில் நியாயமிருக்கிறது. ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கைப் பிடித்தால் போதும்.

1977, 1983 வன்முறைகளில் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களை இந்தப் பேச்சில் பலரும் மறந்துவிடுகிறார்கள். அங்கேயும் இடம்பெயர்வுகளில் பிறப்பு, விவாகப் பத்திரங்கள் தொலைந்துபோயின. தோட்டத்தில் இருந்துவிட்ட தாயோ தகப்பனோ பணம் வருமுன் இறந்துவிட்டால், வடக்கில் இருக்கும் பிள்ளை வாரிசு என்று நிரூபிப்பதற்கு முதலில் கேட்கப்படுவது அந்தப் பத்திரங்கள்தான்.