ஆரவாரமும் அடைத்த கதவும்

2011 மே முதல் தேதி இரவு, ஒசாமா பின் லேடன் பாகிஸ்தானின் அபோட்டாபாத் நகரில் அமெரிக்கக் கடற்படையின் விசேஷ வீரர்களால் கொல்லப்பட்டான் என்ற செய்தி கசிந்து, ஜனாதிபதி ஒபாமா அதை நாட்டுக்குப் பிரகடனம் செய்வதற்குள்ளாகவே, வெள்ளை மாளிகையின் வேலியோரம் திரண்டு கொடியசைத்துக் கோஷமிட்ட ஜனத்திரளில் பலர் கல்லூரி மாணவர்கள். இரட்டைக் கோபுரங்கள் சரிந்த நாளில் பள்ளிச் சிறுவர்களாக இருந்தவர்கள். ஏறக்குறைய 3,000 பேரைப் பலிகொண்ட பாதகத்தின் சூத்திரதாரி பத்து வருஷ காலம் அகப்படாமல் உலவியதை அறிந்தே வளர்ந்த அந்த இளைஞர்களின் குதூகலத்தைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. எவர் மரணத்திலும் கிறிஸ்தவன் ஆனந்தம் கொள்வதில்லை என்று வாட்டிகன் விடுத்த அறிக்கை தர்மத்துக்கு ஒத்ததே. ஆயினும், இழவு விழாத வீட்டிலிருந்து பேசும்போது தர்மம் சற்றுச் சுலபமாகத்தான் வருகிறது.

பாகிஸ்தானில் எழுந்த ஆத்திரம் வேறு வகை. ககூல் ராணுவக் கலாசாலைக்கு ஒரு மைல் தூரம்கூட இல்லாத இடத்தில் அவன் வருஷக்கணக்காகக் குடியிருந்தது எப்படி என்ற வினாவைக் காட்டிலும், அந்நிய ஹெலிகாப்டர்கள் எல்லை தாண்டி வந்துபோன அவமானமே பார்லிமெண்டில் உரக்க ஒலித்தது. விசாரணைக் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டதென்னவோ வாஸ்தவம். அதன் அறிக்கையை ஜனங்களுக்குக் காட்டியது அரசாங்கமல்ல, 2013-இல் அல் ஜஸீரா.

கோஷத்தையும் கண்டனத்தையும் நிறுத்துப் பார்த்துவிட்டு, பொதுஜன அபிப்பிராயம் முழுவதையும் அளந்துவிட்டதாகப் பத்திரிகைகள் திருப்தியடைந்தன. நெடுநாள் நீடித்ததோ, கூட்டமும் கொடியும் இல்லாத வேறொரு எதிரொலி. பின் லேடன் ஒளிந்திருந்த வீட்டில் வசிப்போரின் மரபணுவைப் பெறும் பொருட்டு, சி.ஐ.ஏ. உள்ளூர் டாக்டர் ஒருவரைக் கொண்டு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுவதாக ஒரு வேஷத்தை நடத்தியிருந்தது என்பது 2011 ஜூலை மாதத்தில் அம்பலமாயிற்று. தடுப்பு மருந்து மேல்நாட்டாரின் சூழ்ச்சி, குழந்தைகளை மலடாக்குவது என்ற வதந்தி பாகிஸ்தானின் சில பிரதேசங்களில் முன்பே உலவியதுதான். ஆதாரமின்றி அலைந்த அந்தச் சந்தேகத்துக்கு, வல்லரசொன்றின் உளவு ஸ்தாபனமே வலிய வந்து சாட்சியம் அளித்தது. போலியோ சொட்டு மருந்துப் பெட்டியுடன் வாசலில் நிற்பவள் வேவு பார்க்க வந்தவளோ என்று கதவை அடைத்த தாயை, அறியாமை என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிட எவருக்கு இனி யோக்கியதை உண்டு?

2012-இல் வடக்கு வஜீரிஸ்தானில் தாலிபான் தலைவர்கள் சொட்டு மருந்துக்குத் தடை விதித்தனர். அவ்வாண்டு டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவரிலும் மருந்து கொடுக்கச் சென்ற ஊழியர்கள், அவர்களில் பலர் பெண்கள், சுட்டுக் கொல்லப்பட்டனர். பாதகர்கள் சுட்டார்கள், பழி அவர்களுடையதே. ஆனால் அவர்களுடைய பொய்ப் பிரசாரத்துக்கு நம்பத்தக்க ஒரு கதையை இயற்றிக் கொடுத்த மேதாவிகள், தங்கள் வெற்றிக் கணக்கில் இந்தச் செலவை எழுதினார்களா? அமெரிக்கப் பொதுச் சுகாதாரக் கல்லூரிகளின் தலைவர்கள் முறையிட்ட பின்னரே, தடுப்பூசி இயக்கங்களை உளவுக்கு உபயோகிப்பதில்லை என்று வெள்ளை மாளிகை 2014 மே மாதத்தில் உறுதி கூறியது. அந்த ஆண்டில் மட்டும் பாகிஸ்தானில் போலியோ கண்டவர்கள் 306 பேர். தடை அமலில் இருந்த பழங்குடிப் பிரதேசங்களின் குழந்தைகளே அவர்களில் அதிகம்.