கழற்றப்பட்ட விசைப்பலகையும் கல்வியுலகும்

ஒரு கருவியை மதிப்பிடப் புகுவோர் முதலில் எழுப்ப வேண்டிய வினா, அஃது எத்தொழிலுக்காக ஆக்கப்பட்டது என்பதாகும். இவ்வினாவை விடுத்து அதன் மெல்லிய வடிவத்தையும் பளபளப்பையும் வியந்து நிற்பது விற்பனையாளருக்குப் பொருந்தும்; கற்றோருக்குப் பொருந்தாது. எனினும், பல்கலைக்கழக மாணவருக்கேற்ற கணனி யாது என்ற பேச்சு எழும்போதெல்லாம் கற்றோர் மத்தியிலும் ஆயத்தமான விடையொன்று வந்து நிற்கின்றது. விசைப்பலகையை வேண்டும்போது பூட்டவும் வேண்டாதபோது கழற்றவும் கூடிய டெப்லெட், அதாவது பலகைக் கணனியே அவ்விடை. கழற்றினால் நூல், பூட்டினால் மடிக்கணனி, ஆகவே ஒன்றின் விலையில் இரண்டு என்பது இதனைப் பரிந்துரைப்போரின் வாதம். இவ்வாதம் விலைக் கணக்கிலும் பிழையானது. மாணவர் என்போர் யாவர் என்ற கருத்திலும் பிழையானது.

பலகைக் கணனி என்ற எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் செறொக்ஸ் நிறுவன ஆய்வுகூடத்திற் பணியாற்றிய அலன் கே, 1972ஆம் ஆண்டிலேயே ‘டைனாபுக்’ என்ற பெயரில் அதனைக் கற்பனை செய்தார். அவர் வரைந்த படத்தில் திரையும் விசைப்பலகையும் ஒரே பலகையின் இரு பாகங்களாக அமைந்திருந்தன. முழுப்பலகையையுந் திரையாக்கி, விசைகளை அதன்மீதே தோன்றச் செய்யும் வழியையும் அவர் சிந்தித்தார். வடிவம் எதுவாயினும், கணனியைக் கையில் ஏந்தும் சிறுவர் பிறர் ஆக்கியதைப் பார்ப்போராக மட்டுமன்றித் தாமே எழுதுவோராகவும் நிரல்களை ஆக்குவோராகவும் விளங்க வேண்டும் என்பதே அவரது நோக்கம். பின்வந்த சந்தை அவரது பலகையை எடுத்துக்கொண்டு நோக்கத்தைக் கைவிட்டது.

2002ஆம் ஆண்டில் கொம்பாக் நிறுவனம் விசைப்பலகையைக் கழற்றக்கூடிய கணனியொன்றை வெளியிட்டது. அது பெருவழக்குப் பெறவில்லை. 2010 ஏப்ரலில் அப்பிள் நிறுவனத்தின் ஐபாட் விற்பனைக்கு வந்தபோது நிலைமை மாறியது. திரைப்படம், இசை, வாசிப்பு ஆகியவற்றுக்கு அஃது எளிய வாயிலாயிற்று. எழுத விரும்புவோருக்கு விசைப்பலகை பொருத்திய தாங்கியொன்று 69 டொலருக்குத் தனியாக விற்கப்பட்டது. பார்ப்பதற்குரிய உறுப்பு விலைக்குள் அடங்க, எழுதுவதற்குரிய உறுப்பு மேலதிகப் பொருளாயிற்று. பின்னர் நேர்ந்த யாவற்றுக்கும் வித்து இப்பிரிவினையே.

இவ்வகைக் கணனிகளுள் பெரிதும் பேசப்பட்டது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ‘சேர்பேஸ்’. 2012 ஜூன் மாதத்தில் அறிமுகமாகி அவ்வாண்டு ஒக்ரோபரில் விற்பனைக்கு வந்த அதன் முதல் வடிவத்தின் விலை 499 டொலர். விளம்பரங்களில் அதனோடு இணைபிரியாது காட்சியளித்த விசைப்பலகை மூடிக்கு மேலும் ஏறத்தாழ 120 டொலர் செலுத்த வேண்டியிருந்தது. 32 கிகாபைற் எனப்பட்ட நினைவகத்தில் ஏறக்குறையப் பாதியை முறைமை மென்பொருளே விழுங்கியது. விண்டோஸ் என்ற பெயரைத் தாங்கியிருந்தும், விண்டோஸ் கணனிகளுக்கென அதுகாறும் எழுதப்பட்ட மென்பொருள்களை அதில் நிறுவ இயலவில்லை. மக்கள் அதனை நாடவில்லை. 2013 ஜூலையில் அந்நிறுவனம் தேங்கிக்கிடந்த அக்கணனிகளின் பொருட்டுத் தன் கணக்கில் 900 மில்லியன் டொலரை இழப்பாக எழுத நேர்ந்தது.

அது தொடக்கநிலைத் தவறு என்று பரிந்துரைப்போர் கூறலாம். அவ்வாறாயின் முழுமையான விண்டோஸ் இயங்கிய, 2013 பெப்ரவரியில் வெளிவந்த ‘சேர்பேஸ் புரோ’வை நோக்குக. 64 கிகாபைற் வடிவம் 899 டொலர். விசைப்பலகையுஞ் சேர ஆயிரம் டொலரைத் தாண்டிற்று. கணனியின் நிறை ஏறத்தாழ 907 கிராம். விசைப்பலகையுஞ் சேர 1,100 கிராமுக்கு மேல். அதே காலத்தில் விற்பனையிலிருந்த 11 அங்குல ‘மக்புக் எயர்’ மடிக்கணனி, அதேயளவு நினைவகத்துடன் 999 டொலர். நிறை 1,080 கிராம். ஒன்றின் விலையில் இரண்டு என்ற வாதம் இங்கேயே சாய்கின்றது.

காலம் இக்குறையைத் தீர்த்ததா எனின், அதுவுமில்லை. 2020ஆம் ஆண்டில் 12.9 அங்குல ‘ஐபாட் புரோ’ 999 டொலருக்கு விற்கப்பட்டது. அதற்கென அப்பிள் நிறுவனம் வெளியிட்ட விசைப்பலகையின் விலை 349 டொலர். அவ்விசைப்பலகை கணனியைவிடப் பாரமானது. இரண்டும் இணைந்தபோது அந்நிறுவனத்தின் 13 அங்குல மடிக்கணனியையும் பாரத்தில் விஞ்சின. அம்மடிக்கணனியின் விலையோ 999 டொலர். துணைப்பொருள் என்று பெயரிடப்பட்ட ஒன்று தலைமைப்பொருளைவிடப் பாரமாயிருப்பின், பெயரிட்டதிலேயே பிழையுண்டு என்பது தெளிவு.

இலங்கை மாணவருக்கு இது வெறுங் கணக்கன்று. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. இத்தகைய நாட்டில் விசைப்பலகையைத் தனி விலையிட்டு விற்பதன் விளைவை ஊகித்தல் கடினமன்று. பணமுள்ளவர் இரண்டையும் வாங்குவர். இல்லாதவர் பலகையை மட்டும் வாங்கி, விசைப்பலகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என ஒத்திவைப்பர். ஒத்திவைக்கப்படுவது எழுத்து. 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு விரிவுரைகள் திரைக்கு மாறியபோது, கைத்தொலைபேசியில் விரிவுரை கேட்ட மாணவர் அதே கருவியில் ஒப்படையை எழுதி முடிக்கப் பட்ட பாட்டை விரிவுரையாளர் அறிவர். கேட்பதற்கு அக்கருவி போதியதாயிற்று, வாதிப்பதற்குப் போதவில்லை.

எதிர்த்தரப்பின் வாதங்களுள் வலுவானவற்றை மறைத்தல் நேர்மையன்று. பேனாவால் எழுதக்கூடிய திரையில் கணிதச் சமன்பாட்டையும் இரசாயனக் கட்டமைப்பையும் வரைதல் எளிது. விசைப்பலகையில் அது பெருந்தொல்லை. களஆய்வில் நின்றுகொண்டே குறிப்பெடுக்கும் புவியியல் மாணவருக்கும் தொல்லியல் மாணவருக்கும் பலகை உதவும். தமிழைப் பொறுத்து இன்னொன்றுமுண்டு. கடைகளிற் கிடைக்கும் விசைப்பலகைகளிற் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துகளை மட்டுமே தாங்கி வருவன. கண்ணாடித்திரையோ வேண்டும்போது தமிழ் எழுத்துகளைக் காட்டும். தமிழ்த் தட்டச்சறியாத ஒருவர் தமது முதல் தமிழ் வரியை எழுதக் கண்ணாடியே துணைசெய்யும்.

ஆயின் முதல் வரி வேறு, முப்பது பக்க ஆய்வுக்கட்டுரை வேறு. கண்ணாடியில் விரல்கள் தங்கியிருக்க இயலாது. தங்கினால் எழுத்து விழும். விசையின் விளிம்பை விரல் உணராதமையால் கண் விரலைக் காவல் காக்க வேண்டியதாகின்றது. தோன்றும் விசைகள் திரையின் பெரும்பகுதியை மறைத்துவிட, முன்னர் எழுதிய பந்தி பார்வையினின்று அகல்கின்றது. வாதத்தைத் தொடர்ந்து கட்டுவோருக்கு முந்திய பந்தி கண்முன் நிற்றல் இன்றியமையாதது. உண்மையான விசைப்பலகையிற் பயின்ற விரல்களோ, மேலே ஆங்கில எழுத்துப் பொறிக்கப்பட்டிருப்பினும் தமிழைத் தாமாகவே தேடிக்கொள்ளும். தமிழ் பொறித்த விசைகளைக் கேட்பதும் தமிழ்த் தட்டச்சைப் பயில்வதுமே இக்குறைக்குப் பரிகாரம், விசைகளைத் துறப்பதன்று.

விசைப்பலகை மாணவரின் உற்பத்திக் கருவி. ஏனைய பாகம் எத்துணைச் சிறந்ததாயினும் பிறருடைய உற்பத்தியை அவரிடங் கொண்டுவரும் சாளரமே. இரண்டையும் பிரித்துச் சாளரத்தை அவசியமென்றும் கருவியை விருப்பத்திற்குரியதென்றும் வகுத்தவர்கள் வணிகர்கள். அவர்களுக்குப் பார்ப்போரே வேண்டும்; பார்ப்போர் மேலும் வாங்குவர். பல்கலைக்கழகமும் அவ்வகுப்பையே ஏற்றுக்கொண்டு, விரிவுரைக் குறிப்பைத் திறந்து பார்க்கக்கூடிய எதுவும் கற்றற் கருவிதான் என்று அமையுமாயின், மாணவரை நுகர்வோராக்கும் பணியில் அதுவும் பங்காளியாகின்றது.

ஆதலின் கடன்திட்டத்தின் மூலமோ அன்பளிப்பாகவோ மாணவருக்குக் கணனி வழங்க முன்வருவோர், விசைப்பலகை தனியே விலையிடப்பட்ட எதனையும் முழுமையான கணனியெனக் கொள்ளலாகாது. பலகை வேண்டுவோர் அதனைப் பெறட்டும். விசைப்பலகையும் அதே விலைக்குள், அதே பெட்டிக்குள், முதல் நாளிலேயே இருக்கட்டும். அதற்கு இடந்தராத விலையாயின், கழற்ற முடியாத எளிய மடிக்கணனியே மேலானது. எழுதுவதற்குரிய பாகத்தைப் பின்னர் வாங்கலாம் எனக் கூறப்படும் கருவி, எழுதும் நாளையும் பின்னுக்குத் தள்ளிவிடும். பட்டப்படிப்பின் ஆண்டுகளோ அதற்காகக் காத்திருப்பதில்லை.