மிஷின் கோளாறு தச்சன் தலையிலா?

கடன்பட்டு இழைப்பு மிஷின் வாங்குகிறான் செங்கற்பட்டுத் தச்சன். கத்தி உருளை ஆடுகிறது. பலகை அலை அலையாக வருகிறது. வியாபாரி சொல்வதென்ன? “உனக்கு ஓட்டத் தெரியவில்லை!” காசை எண்ணி வாங்கியபோது இந்தக் குறை தெரியவில்லையாம்!

“தொழிலுக்கு வாங்கியவன் நுகர்வோர் அல்ல” என்றும் மிரட்டுவார்கள். அது ஆள் வைத்து லாபம் குவிக்கும் முதலாளிக்கு! தானே ஓட்டிப் பிழைக்க வாங்கியவன் நுகர்வோரே என்று, கோயம்புத்தூர் நிறுவனமொன்றின் மிஷின் பற்றிய வழக்கில் 1995-ல் சுப்ரீம் கோர்ட் விளக்கியது. 2019-ம் ஆண்டுச் சட்டமும் அதையே சொல்கிறது.

தோழர்களே! ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மிஷினைப் பிரிக்காதீர்கள். கோளாறை எழுத்து மூலம் தெரிவியுங்கள். மசியாவிட்டால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுங்கள். விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. தனியாக அல்ல, சங்கமாகத் திரண்டு கேளுங்கள்: மிஷினை மாற்று, அல்லது பணத்தைத் திருப்பிக் கொடு!