குத்தகைக்கு விட்ட யுத்தம்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. 1947-ல் நாடு சுதந்தரம் வாங்கியது. 1950-ல் குடியரசானது. வெள்ளிமலைப் பக்கத்து மக்களுக்கு அதெல்லாம் வெறும் செய்தி. 1976 வரைக்கும் அங்கே ஜாகிர்தார்கள் வைத்ததுதான் சட்டம். வரி அவர்களுக்கு. கூலியில்லாத உழைப்பும் அவர்களுக்கு. கேட்டால், கிருஷ்ணதேவராயர் காலத்திலேயே எழுதிக் கொடுத்தது என்பார்கள்.

அந்தக் காலத்து ராஜாங்கங்களின் சூட்சுமம் ரொம்ப எளிமையானது. நிலத்தைப் பாளையக்காரனிடம் விடு. வசூலை அவன் பார்த்துக்கொள்வான். சண்டை வந்தால் ஆள் கூட்டிக்கொண்டு வருவான். ஜெயித்தால் ராஜாவுக்குப் பேர். கீழே அவன் என்ன அட்டூழியம் பண்ணினாலும் ராஜாவுக்குத் தெரியாது. தெரியாத மாதிரி இருப்பதற்குத்தானே இந்த ஏற்பாடே!

இன்றைக்கு ராஜா இல்லை. ஏற்பாடு இருக்கிறது.

மலையின் அந்தப் பக்கம் இறங்கினால் சேலம் மாவட்டம். அதே மாவட்டத்தில், மேட்டூர் பக்கம், கொளத்தூர். 80-களில் அங்கே விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் நடந்தது ஊரறிந்த விஷயம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழ இயக்கங்களுக்கு இந்திய உளவுத்துறை பயிற்சி கொடுத்தது. ஆயுதமும் கொடுத்தது. டெல்லியைக் கேட்டால், அப்படி எதுவும் இல்லவே இல்லை. ஜெயவர்த்தனாவை மிரட்டி வழிக்குக் கொண்டுவர வேண்டும். இந்தியச் சிப்பாய் ஒருத்தர்கூடச் சாகக்கூடாது. அதற்குக் கிடைத்தார்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள்.

கொழும்பு மட்டும் யோக்கியமா? அவர்களுடைய போலீஸ் அதிரடிப் படைக்கு 1984 முதல் பயிற்சி கொடுத்தது கே.எம்.எஸ். என்கிற பிரிட்டிஷ் கம்பெனி. நடத்தியவர்கள் எஸ்.ஏ.எஸ். படையின் முன்னாள் ஆபீசர்கள். லண்டனைக் கேட்டால், அது தனியார் வியாபாரம் என்று பதில்.

1987 ஜூலை 29-ல் ஒப்பந்தம். அக்டோபரில், பயிற்சி கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் நடுவிலேயே யுத்தம். 1990 மார்ச்சில் இந்திய ராணுவம் திரும்பியபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள் உயிரோடு இல்லை. அப்போதும் புத்தி வரவில்லை. கிளம்புவதற்கு முன்னால் தமிழ் தேசிய ராணுவம் என்று ஒன்றைக் கிளப்பி, தெருவில் போன பையன்களைப் பிடித்துத் துப்பாக்கியைக் கையில் திணித்தார்கள். ராணுவம் கப்பலேறியது. பையன்கள் புலிகளிடம் மாட்டினார்கள். 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

அயல்நாட்டு சமாசாரம் என்று தள்ளிவிடாதீர்கள். சொந்த ஜனங்கள் மீதும் இதைச் செய்யலாம். 2005-ல் சத்தீஸ்கரில் ஆரம்பித்தது சல்வா ஜுடும். மாவோயிஸ்டுகளோடு மோத ஆதிவாசிப் பையன்கள். ஐந்தாம் கிளாஸ் பாஸ் என்றால் முன்னுரிமை. மாதம் 3,000 ரூபாய். கையில் துப்பாக்கி. ‘சிறப்புக் காவல் அதிகாரி’ என்று பதவி வேறு! இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மாநில அரசு என்ன செய்தது? அதே வருஷம் புதுசாக ஒரு சட்டம் போட்டு, அதே ஆட்களை வேறு பேரில் சேர்த்துக்கொண்டது.

ஆளுக்குப் பதில் எந்திரம் வந்தபிறகு இன்னும் சௌகரியம். 2021 ஆகஸ்ட் 29, காபூல். அமெரிக்க ட்ரோன் ஒரு காரை அடித்தது. தீவிரவாதி என்றார்கள். செத்தது பத்து அப்பாவிகள். அதில் ஏழு பேர் குழந்தைகள். தவறுதான் என்று பென்டகனே ஒப்புக்கொண்டது. தண்டனை? ஒருத்தருக்கும் கிடையாது. பாளையக்காரனையாவது பேர் சொல்லித் திட்டலாம். ட்ரோனை என்னவென்று திட்டுவது?

நம் சிப்பாய் சாகாமல் இருந்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான். ஆனால், சிப்பாய் செத்தால் ஊருக்குப் பெட்டி வரும். தாய் அழுவாள். பார்லிமென்ட்டில் கேள்வி வரும். அந்தப் பயம்தான் யுத்தத்துக்கு இருக்கிற பிரேக். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டி நன்றாக ஓடுகிறது என்று சந்தோஷப்பட முடியுமா?

பி.காம். படித்தவர்களுக்கு 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் ஞாபகமிருக்கும். ஏஜென்ட், தனக்குக் கொடுத்த அதிகாரத்தில் செய்வது முதலாளியைக் கட்டுப்படுத்தும். உரக்கடைக்காரருக்குக்கூட இதிலிருந்து விலக்கில்லை. கூலிப்படை வைத்துக் கொலை நடந்தால், கள்ளக்குறிச்சி ஸ்டேஷன் ஏட்டய்யா கேட்கிற முதல் கேள்வி, பணம் கொடுத்தது யார்?

தி ஹேக் சர்வதேச நீதிமன்றமும் அதைத்தானே கேட்க வேண்டும்? 1986-ல் நிகரகுவா வழக்கு. கான்ட்ரா படைக்கு அமெரிக்கா பயிற்சியும் ஆயுதமும் பணமும் கொடுத்தது சட்ட விரோதம் என்று தீர்ப்பு வந்தது. சபாஷ். ஆனால் கான்ட்ராக்கள் செய்த அட்டூழியங்களுக்கு அமெரிக்கா பொறுப்பாகாது. அந்தக் காரியங்களை அமெரிக்காவே கட்டுப்படுத்தி நடத்தியதாக நிரூபணம் இல்லையாம்! அந்த ஓட்டை வழியாகத்தான் அத்தனை வல்லரசுகளும் இன்றுவரை தப்பிக்கின்றன.

அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். சம்பளம் கொடுத்தவன் எவனோ, ட்ரோனை ஏவச் சொன்னவன் எவனோ, அவன் பேர்தான் எஃப்.ஐ.ஆரில் முதலில் வர வேண்டும். கள்ளக்குறிச்சியில் செல்லுகிற நியாயம் தி ஹேக்கில் ஏன் செல்லாது?