நிலம் தந்தவர்களுக்கு நகரில் இடம் உண்டா?

மங்கலம்பேட்டைப் பகுதி மக்களுக்கு மண்தான் பிழைப்பு. விவசாயம் ஒருபுறம். விருத்தாசலத்தில் களிமண் பீங்கான் பொம்மையாகிறது. நெய்வேலியில் மண்ணுக்கடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரி மின்சாரமாகிறது. இந்த நெய்வேலி எப்படி உருவானது, யாருக்காக வளர்ந்தது என்பதை இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

1935-இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருளும் வெளிவந்தது. 1956-இல் நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் உதவியுடன் கட்டப்பட்ட முதல் அனல்மின் நிலையம் 1962-இல் இயங்கத் தொடங்கியது. வட்டம் வட்டமாகப் பிரித்து, மரங்கள் வளர்த்து அமைத்த குடியிருப்பில் பல மாவட்டத்தவரும் பல மொழியினரும் ஒன்றாக வாழ்கிறார்கள். நாட்டுக்கு ஒளி தந்த நகரம் இது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த மரநிழலுக்கு வெளியே இன்னொரு நெய்வேலி உண்டு. அது நிலம் கொடுத்த குடும்பங்களின், ஒப்பந்தத் தொழிலாளர்களின் நெய்வேலி. 2020 மே, சூலை மாதங்களில் நடந்த கொதிகலன் விபத்துகளில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2023 சூலையில் வளையமாதேவியில் வாய்க்கால் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிரில் இயந்திரங்கள் இறங்கின. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். அறுவடை முடியும்வரை பொறுத்திருக்க முடியாதா?

600 மெகாவாட் திறன் கொண்ட அந்த முதல் மின்நிலையம் 2020-இல் மூடப்பட்டது. நிலக்கரியும் ஒருநாள் தீரும், அல்லது உலகம் அதை வேண்டாமென்று சொல்லும். போலந்தின் கோனின் நகரமும் பழுப்பு நிலக்கரியால் வளர்ந்ததே. 2030-க்குள் நிலக்கரியைக் கைவிடுவதாக அங்குள்ள மின்நிறுவனம் 2020-இல் அறிவித்தது. தொழிலாளர்களுக்கு மறுபயிற்சி அளிக்கவும் புதுத் தொழில்களை வளர்க்கவும் ஐரோப்பிய ஒன்றியம் அப்பகுதிக்கு நிதி ஒதுக்கியது. நெய்வேலிக்கும் அத்தகைய திட்டம் வேண்டும். சுரங்கம் மூடிய பிறகு அதைத் தேடிப் பயனில்லை.

அந்தத் திட்டத்தை வகுக்க அதிகாரிகளும் பொறியாளர்களும் மட்டும் அமர்ந்தால் போதாது. நிலத்தைத் தந்தவர்களும் அங்கே அமர வேண்டும். தோண்டி முடித்த பள்ளங்களோடு நாளை வாழப்போவது அவர்களுடைய பிள்ளைகள்தானே!