கம்பம்மெட்டின் கேள்வியோடு விண்ணப்பியுங்கள்

உயிரியல் புள்ளியியலில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பவருக்குத் தெரிந்த மென்பொருள்களின் பட்டியலைவிட, விடை தேடும் ஒரு கேள்விதான் பலம். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு அப்படியொரு கேள்விக்கு விடை தேடியது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, வீட்டுச் சிகிச்சை சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு இளைத்ததல்ல என்று 1959-இல் காட்டியது. உலக நடைமுறையே மாறியது. தமிழக-கேரள எல்லையிலுள்ள கம்பம்மெட்டிலும் ஒரு கேள்வி காத்திருக்கிறது. தேனிப் பக்கமிருந்து ஜீப்பில் மலையேறி இடுக்கி ஏலத்தோட்டங்களில் உழைப்பவர்களுக்குப் பூச்சிமருந்தால் நேரும் பாதிப்பை, வேலை ஒரு மாநிலத்திலும் வைத்தியம் மறு மாநிலத்திலும் நடக்கும்போது எப்படி அளப்பது?

மருத்துவம் படிக்காதவருக்கு இது எட்டுமா என்பார்கள். நோயைக் கண்டறிவது மருத்துவர் வேலை. இரு மாநிலங்களுக்கிடையே விடுபட்ட தரவை ஈடுகட்டுவது கணக்குப் படித்தவர் வேலை. உள்ளூர்ச் சிக்கல் தேர்வுக்குழுவுக்குப் புரியாது என்ற தயக்கத்துக்கும் உலக நடைமுறையை மாற்றிய சென்னை ஆய்வே பதில். மாணவர்களே, கம்பம்மெட்டின் கேள்வியை விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.